வேலி இல்லாத ஓணான்

"நல்ல இல்லம் தேவை; இலவசம்." வளர்ப்புப் பிராணிகள் கைமாறும் பிரிட்டிஷ் விளம்பரங்களில் இந்த வரி திரும்பத் திரும்பக் கண்ணில் படும். அதன் கீழே ஒரு கண்ணாடிப் பெட்டியின் படம். பெட்டிக்குள் மணல் நிறத்தில், கழுத்தைச் சுற்றி முள் முள்ளாக, தலையை உயர்த்தி எங்கோ பார்த்துக்கொண்டிருக்கும் ஓர் ஊர்வன. இந்த வரியில் உள்ள இரண்டு சொற்களோடும் எங்களுக்குப் பிணக்கு உண்டு. நல்ல இல்லம் எது என்று எழுதியவருக்கு முன்பே தெரிந்திருந்தால், பெரும்பாலும் அந்த விளம்பரத்துக்கே தேவை வந்திராது. இலவசம் என்பதோ, அந்த உயிருக்கு நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு செய்யப்படும் தீங்கு.

நாங்கள் இங்கிலாந்தின் வடபகுதியில் வசிக்கும் ஒரு குடும்பம். வளர்த்தவர்கள் வேண்டாமென்று விட்ட தாடி ஓணான்களை ஏற்று, உடல் தேற்றி, வேறு வீடுகளுக்கு அனுப்பிவைப்பதைச் சில ஆண்டுகளாகச் செய்து வருகிறோம். அமைப்பு ஏதும் இல்லை. இரண்டு பெட்டிகளும் ஓர் எடைக் கருவியும் ஒரு குறிப்பேடும்தான். நாவலும் கவிதையும் பேசுகிற இந்தப் பக்கத்தில் ஓணானுக்கு என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கக்கூடும். சொற்களை நம்பி ஓர் உயிரைக் கையளிப்பதன் விபரீதத்தைச் சொற்களை நேசிப்பவர்களிடம் பேசாமல் வேறு யாரிடம் பேசுவது?

தாடி ஓணான் என்பது நாங்கள் வைத்துக்கொண்ட பெயர். ஆங்கிலேயர் இதைத் தாடி வைத்த டிராகன் என்கிறார்கள். அறிவியல் பெயர் போகோனா விட்டிசெப்ஸ். நம்மூர் வேலியில் தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஓணானும் இதுவும் அகாமிடே என்னும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. ஆண் தலையசைத்து எல்லையை அறிவிப்பது இரண்டுக்கும் பொது. இனச்சேர்க்கைக் காலத்தில் நம் ஓணானுக்குத் தொண்டை சிவக்கும். இதற்குச் சினம் கொண்டால் தாடி கறுக்கும். பங்காளிகளின் சாயல்தான். டிராகன் என்ற பெயருக்குச் சந்தையில் விலை இருக்கிறது. ஓணான் என்று பெட்டியில் எழுதி ஒட்டினால் அந்த விலை கிடைக்காது. வேலியில் போகிற ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டவனைச் சொல்லிச் சிரிப்பவர்கள் நாம். இங்கே சிக்கல் இன்னும் ஒரு படி கூடுதல்: விட்டுக்கொண்டவன் மனம் மாறினாலும், எடுத்துத் திரும்ப விடுவதற்கு வேலி கிடையாது.

ஏன் கிடையாது என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். இதன் பூர்வீகம் ஆஸ்திரேலியாவின் உட்பகுதி. குயின்ஸ்லாந்தின் மேற்கிலும் நியூ சவுத் வேல்ஸின் உட்பகுதியிலும் வடக்குப் பிரதேசத்தின் தென்பகுதியிலும் பரந்த வறண்ட நிலம். தன் நாட்டுக் காட்டுயிர்களை வணிகத்துக்காக உயிரோடு ஏற்றுமதி செய்வதை ஆஸ்திரேலியா பல பத்தாண்டுகளாகத் தடை செய்திருக்கிறது. அப்படியானால் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வீடு வீடாக இருப்பவை எங்கிருந்து வந்தன? 1970களிலும் அதன் பின்னரும் கள்ளத்தனமாக வெளியேற்றப்பட்ட சிலவற்றின் வழித்தோன்றல்கள் இவை என்பதே பொதுவாக ஏற்கப்பட்ட விளக்கம். தலைமுறை தலைமுறையாகப் பெட்டிக்குள் பிறந்து, நிறத்துக்காகவும் தோலுக்காகவும் பொறுக்கிக் கலக்கப்பட்டவை. செதிலே இல்லாமல் பட்டுப்போன்ற தோலோடு ஒரு வகையை உருவாக்கி அதிக விலைக்கு விற்கிறார்கள். அந்தத் தோல் எளிதில் காயும், கிழியும், சுடும். செதில் அலங்காரமன்று என்பதை விற்பவர்கள் அறியாதவர்களல்லர்.

இப்படிப் பிறந்த ஒன்றை ஆஸ்திரேலியாவுக்குத் திருப்பி அனுப்புவது நடவாத காரியம். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். வளர்ப்புக் கூட்டங்களில் பரவியுள்ள அடினோ வைரஸையும், தோலைத் தின்று உள்ளுறுப்பு வரை போகும் மஞ்சள் பூஞ்சை நோயையும் எந்த நாடு தன் காட்டுக்குள் அழைத்துக்கொள்ளும்? இங்கிலாந்தின் தோட்டத்தில் விட்டாலோ முதல் இலையுதிர் காலத்தோடு கதை முடிந்துவிடும். சென்னை விமான நிலையத்தில் பயணிகளின் பைகளிலிருந்து அயல்நாட்டு ஊர்வன கைப்பற்றப்பட்டு, ஏறிவந்த நாட்டுக்கே விமானத்தில் திருப்பி அனுப்பப்படும் செய்திகளை இந்த ஆண்டுகளில் வாசித்திருப்பீர்கள். ஏறிவந்த நாடு வேறு, பிறந்த மண் வேறு. தாடி ஓணானைப் பொறுத்தவரை மறுவாழ்வு என்ற சொல்லுக்கு ஒரே பொருள்தான்: ஒரு பெட்டியிலிருந்து அதைவிடச் சரியான இன்னொரு பெட்டிக்குப் போவது. இது மகத்தான விடுதலைக் கதை ஆகாது. இதை ஒப்புக்கொண்ட பிறகே மற்றவற்றைப் பேச முடியும்.

இந்தப் பிராணி இவ்வளவு விற்பதற்குக் காரணம் அதன் சாந்தம். கடிக்காது, ஓடாது, தோளில் வைத்தால் அப்படியே இருக்கும். குழந்தைக்கு ஏற்றது என்பார்கள். இந்தச் சாந்தத்தின் மேல் எங்களுக்கு நம்பிக்கை குறைவு. ஊர்வனவற்றுக்குச் சூடு வெளியிலிருந்து வர வேண்டும். வராதபோது தசை வேலை செய்யாது, உண்டது செரிக்காது. குளிர்ந்த ஓணானும் சாந்தமாகத்தான் இருக்கும். ஒரு பெட்டியில் இரண்டை வைத்திருந்த வீட்டில், பெரியது சிறியதன் முதுகில் ஏறிப் படுத்திருக்கும் படத்தை அன்பின் அடையாளமாக எங்களுக்கு அனுப்பினார்கள். விளக்கின் கீழே இருந்த ஒரே கல்லுக்கான போட்டி அது. கீழே இருந்தது தன் துணையின் பாதி எடைகூட இல்லை. முன்னங்காலைத் தூக்கி மெல்ல வட்டமாக ஆட்டுவதையும் கைகாட்டிக் கூப்பிடுவதாகச் சொல்லி மகிழ்கிறார்கள். பெரும்பாலும் அது, எனக்கு உன்னோடு சண்டை வேண்டாம் என்னும் அடங்கல். நாய் வலித்தால் ஊளையிடும், பூனை சீறும். ஓணான் ஒன்றும் சொல்லாது. சொல்லாத உயிரின் மௌனத்தை நாம் சம்மதமாக எடுத்துக்கொள்கிறோம்.

வெயில் இந்த இனத்துக்கு வெறும் வசதி அன்று. உடலின் அமைப்புக்குள்ளேயே இறங்கிய ஒன்று. இதில் ஆணா பெண்ணா என்பதைக் குரோமோசோம்கள் முடிவு செய்கின்றன; ஆனால் அடைகாக்கும் வெப்பம் ஏறத்தாழ 32 டிகிரி செல்சியஸைத் தாண்டினால், ஆணின் குரோமோசோம்களைக் கொண்ட கரு பெண்ணாகவே வளர்ந்துவிடும். ஆய்வுக்கூடத்தில் இதை 2007இல் கண்டறிந்தார்கள். காட்டிலும் இது நிகழ்கிறது என்பதைக் கான்பெரா ஆய்வாளர்கள் 2015இல் நிறுவினார்கள். முட்டைக்குள் இருக்கும்போதே வெப்பம் இவ்வளவு பேசுகிற உயிரை, வரவேற்பறை மூலையில் ஒரு சாதாரண மின்விளக்கின் கீழ் ஆறேழு வருடம் வைத்திருக்கிறார்கள்.

எங்களிடம் வருபவற்றில் மிகுதியானவற்றின் நோய் ஒன்றுதான். நாங்கள் அதை ஒளிப்பட்டினி என்போம். தோலின் மீது புற ஊதா பி கதிர் விழ வேண்டும். உடலில் போதிய சூடும் இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் டி3 வைட்டமின் உண்டாகும், அது உண்டானால்தான் குடலிலிருந்து கால்சியம் இரத்தத்துக்குப் போகும். போகாதபோது உடல் எலும்பிலிருந்து கடன் வாங்கத் தொடங்குகிறது. முதலில் விரல் நுனிகளில் ஒரு நடுக்கம். பிறகு தாடை ரப்பர்போல் வளையும். வெட்டுக்கிளியைக் கவ்வ முடியாது, கவ்வினாலும் நழுவும். முன்னங்கால் வளையும், முதுகு நெளியும், தூக்கும்போதே எலும்பு முறிவதும் உண்டு. பெண்ணாக இருந்தால் இன்னும் மோசம். ஆண் துணையே இல்லாமலும் அது முட்டையிடும். ஒரு தடவைக்கு இருபதும் அதற்கு மேலும். கருவற்ற அந்த முட்டைகளுக்கும் ஓடு வேண்டும், ஓட்டுக்குக் கால்சியம் வேண்டும். ஆண் என்று நம்பி வீரப் பெயர் சூட்டி வளர்த்தவர்கள், அது மணலைத் தோண்டத் தொடங்கியதும் திகைத்துப்போய் எங்களை அழைப்பது வழக்கம்.

இதில் கொடுமை என்னவென்றால் இந்த வீடுகளில் பெரும்பாலும் அன்புக்குக் குறைவில்லை. பெட்டியைச் சன்னலோரம் வைத்து வெயில் படுகிறதே என்று நிறைவடைந்திருப்பார்கள். சன்னல் கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துவிடும் என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். யு.வி.பி. விளக்கு வாங்கியிருப்பார்கள், அது இன்னும் எரிகிறது என்பார்கள். எரியும்தான். கண்ணுக்குத் தெரியும் ஒளி ஆண்டுக்கணக்கில் வரும். தேவையான கதிர் ஆறு மாதத்திலிருந்து ஓராண்டுக்குள் தேய்ந்துவிடும். எரிகிற விளக்கின் கீழேயே இருட்டில் கிடக்கும் நிலை இது. நல்ல இல்லம் என்ற சொல்லை நாங்கள் நம்ப மறுப்பதன் காரணம் இதுதான். நன்மை இங்கே மனத்தின் குணமாக இருந்தால் போதாது. விளக்கின் தேதியாகவும் இருக்க வேண்டியிருக்கிறது.

தேற்றுவது என்பது பரபரப்பான வேலை அன்று. வந்ததும் தனியறையில் பல வாரம்; மற்றதன் பெட்டியைத் தொட்ட கையால் இதைத் தொடுவதில்லை. ஊர்வன மருத்துவம் அறிந்த கால்நடை மருத்துவரிடம் எச்சத்தைச் சோதிக்கக் கொடுத்து, குடல் ஒட்டுண்ணிகளைப் பார்த்து, எலும்புக்கு ஊடுகதிர்ப் படம் எடுப்போம். பெட்டி 4 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம். ஒரு முனையில் 40 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடான கல், மறுமுனையில் 25 டிகிரி நிழல், இடையில் அதுவே நடந்து தேர்ந்துகொள்ளும் தூரம். அந்தத் தேர்வுதான் மருந்தில் பாதி. தளர்ந்தவற்றுக்குக் கல்லைத் தாழ்வாக வைக்கிறோம், ஏற முடியாமல் விழக் கூடாது என்பதற்காக. மணலை எடுத்துவிடுகிறோம், வலுவற்ற குடலில் அது அடைத்துக்கொள்ளும். சாப்பாட்டில் கால்சியம் தூவுகிறோம். வளர்ந்த ஓணானுக்குக் கீரையும் இலையும்தான் மிகுதியாக வேண்டும். ஆனால் வருபவை பெரும்பாலும் புழுவைத் தவிர வேறு தின்று பழகாதவை. டான்டிலியன் இலையை ஒன்றன்முன் பதினேழு நாள் வைத்தோம். பதினெட்டாம் நாள் பூவை மட்டும் தின்றது. குறிப்பேட்டில் அன்றைய பதிவில் அடிக்கோடு இட்டிருக்கிறது.

தோட்டத்தில் பிடித்த பூச்சியைக் கொடுக்கலாமா என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை: கூடாது. அமெரிக்காவில் ஒரே ஒரு மின்மினியைத் தின்று தாடி ஓணான்கள் இறந்தது ஆய்வு ஏட்டில் 1999இலேயே பதிவாகியிருக்கிறது. மின்மினி இல்லாத கண்டம் அன்று ஆஸ்திரேலியா. ஆனால் அமெரிக்க மின்மினியின் உடலில் உள்ள நஞ்சை அஞ்சும் பாடத்தை இந்த உயிர் கற்றதில்லை.

வளைந்த எலும்பு நிமிராது. அதைத் தருபவர்களிடமும் பெறுபவர்களிடமும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். கெட்டிப்படும், மேலும் வளையாது. தாடை உறுதியாகும், நடுக்கம் நிற்கும், எடை ஏறும். ஒருநாள் காலை விளக்கு எரியத் தொடங்கியதும் தானாகக் கல்லின் மேல் ஏறி, உடலைத் தட்டையாக விரித்து, முதுகைக் கறுக்கவைத்துச் சூட்டை வாங்கிக்கொள்ளும். அன்றைக்குப் பிறகுதான் அதற்கு வீடு தேடத் தொடங்குவோம்.

வீடு தேடுவதில் எங்கள் நிலைப்பாடு பலருக்குக் கடுமையாகப் படுகிறது. பெட்டி அமைத்து, விளக்கு பொருத்தி, வெப்பமானியோடு இரண்டு வாரம் ஓடவிட்டு, படமும் அளவும் அனுப்பிய பின்னரே தருகிறோம். பணம் வாங்குவதில்லை, ஆனால் இலவசம் என்றும் சொல்வதில்லை. புதிய யு.வி.பி. விளக்கு வாங்கிய ரசீதைக் காட்டச் சொல்கிறோம். இந்த வணிகத்தின் கோணல் இங்கேதான் இருக்கிறது: உயிர் மலிவு, அது வாழ்வதற்கான பெட்டியும் விளக்கும் மின்சாரமும் அதைப்போல் பல மடங்கு. இலவச ஓணான் என்பது அந்தக் கணக்கைக் கண்ணிலிருந்து மறைத்துவிடுகிறது. வாங்குபவர் செலவே இல்லையென்று நினைத்து வருகிறார். ஆறு மாதம் கழித்து விளக்கு மாற்றும் நாள் வரும்போது, இலவசமாக வந்ததற்கு இவ்வளவா என்று தோன்றுகிறது.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நடைமுறையில் உள்ள 2006ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம் எங்களுக்குப் பிடித்த சட்டங்களில் ஒன்று. விலங்கைத் துன்புறுத்தாதே என்பதோடு அது நிற்கவில்லை. பொறுப்பேற்றவர் அதன் தேவைகளை நிறைவேற்ற வேண்டும் என்று சொல்லி அவற்றை வரிசைப்படுத்துகிறது. தகுந்த இடம், தகுந்த உணவு, இயல்பாக நடந்துகொள்ளும் வாய்ப்பு, வலியிலும் நோயிலுமிருந்து காப்பு. இவற்றோடு, பிற விலங்குகளுடன் சேர்த்தோ பிரித்தோ வைக்கப்படும் தேவை. அந்தப் பிரித்தோ என்ற சொல்லை எழுதியவரை மெச்ச வேண்டும். தனிமை ஒரு தேவையாக இருக்கக்கூடும் என்று ஒரு சட்டம் எண்ணிப் பார்த்திருக்கிறது. பதினாறு வயதுக்கு உட்பட்டவருக்கு விலங்கை விற்பதையும் அது தடுக்கிறது. ஆனால் சட்டம் விற்பனை நடந்த மறுநாள் வீட்டுக்குள் வந்து விளக்கைப் பார்ப்பதில்லை.

இவ்வளவு கெடுபிடி செய்தால் யார் முன்வருவார்கள் என்பது எங்களிடம் வைக்கப்படும் எதிர்வாதம். வலுவான வாதம்தான். ஒன்றை நான்கு மாதம் நாங்கள் வைத்திருக்கிறோம் என்றால், அந்த நான்கு மாதத்தில் வந்த மற்ற அழைப்புகளுக்கு இடமில்லை என்று சொல்லியிருக்கிறோம். அவை எங்கே போயின என்று எங்களுக்குத் தெரியாது. ஆர்.எஸ்.பி.சி.ஏ. போன்ற பெரிய அமைப்புகளின் எண்ணைக் கொடுக்கிறோம். அங்கும் காத்திருக்க வேண்டும். இருந்தும் நாங்கள் மாறவில்லை. தகுதியற்ற வீட்டுக்கு அவசரமாகப் போன ஓணான் இரண்டாண்டில் இன்னும் வளைந்த எலும்போடு இன்னொரு விளம்பரத்தில் வரும். அப்போதும் ஓரிடம் அதற்குத் தேவைப்படும்.

கைவிடுபவர்களைத் திட்டித் தீர்ப்பவர்கள் எங்கள் வட்டத்திலேயே நிறைய இருக்கிறார்கள். அவர்களோடு நாங்கள் சேர்வதில்லை. இந்த உயிர் பத்தாண்டு வாழக்கூடியது; பத்தாண்டில் மனிதர்களின் வாழ்க்கை மாறுகிறது. பிள்ளை பல்கலைக்கழகம் போகிறான். மணமுறிவு நேர்கிறது. வீட்டு உரிமையாளர் பிராணி கூடாது என்கிறார். 2022இல் பிரிட்டனில் மின்கட்டணம் ஏறியபோது, நாளெல்லாம் சூடாக்க வேண்டிய ஒரு பெட்டி பல குடும்பங்களுக்குப் பாரமாயிற்று. கைக்குழந்தை பிறந்த வீட்டார் தரும்போது அவர்கள் பக்கம் மருத்துவ நியாயமே இருக்கிறது: ஊர்வன சால்மோனெல்லா கிருமியைச் சுமக்கக்கூடியவை. தாடி ஓணான்களின் தொடர்பால் அமெரிக்காவில் பலர் நோயுற்றதை அங்கே நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2014இல் அறிவித்தது. சிறு குழந்தைகள் பலர் அதில் அடக்கம். வெட்கத்தை ஏற்றினால் என்ன நடக்கும் என்பது எங்களுக்குத் தெரியும். அட்டைப்பெட்டியில் போட்டு இரவில் யார் வாசலிலாவது வைத்துவிட்டுப் போவார்கள். அப்படி வந்த ஒன்று எங்கள் கைக்கு வரும்போது இலையைப்போல் சில்லிட்டிருந்தது. வெட்கப்படாமல் வருகிறவர் விளக்கை எப்போது வாங்கினார், கடைசியாக எப்போது தின்றது, எப்போது எச்சமிட்டது என்பதையெல்லாம் சொல்வார். அந்தத் தகவல் மருந்துக்குச் சமம்.

எங்கள் சினம் வேறிடத்தில் இருக்கிறது. உள்ளங்கையில் அடங்கும் குட்டியைக் காட்டி, அது இரண்டடிவரை வளரும் என்பதைச் சொல்லாமல், மணல் மூட்டையோடும் பொருத்தமற்ற விளக்கோடும் விற்றனுப்புபவர்களிடம். அதைவிட, மீட்ட ஓணான்களையே இணைசேர்த்துக் குட்டிகளை விற்கும் சிலரிடம். மீட்பு என்ற சொல்லைத் தன் வீட்டு வாசலில் தொங்கவிட்டவர் ஒரு முட்டையைக்கூடப் பொரியவிடக் கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து. இடும் முட்டைகளை எடுத்து உறையவைத்துவிடுகிறோம். இதைச் சொன்னால் முகம் சுளிப்பவர்கள் உண்டு. ஏற்கெனவே பிறந்து பெட்டி கிடைக்காமல் இருப்பவற்றை அவர்கள் பார்த்ததில்லை.

இந்த இனத்தை வளர்க்கவே கூடாது என்று வாதிடும் நண்பர்களும் உண்டு. அவர்கள் சொல்வது சரியாகவும் இருக்கலாம். நூறாண்டு கழித்து அப்படி ஒரு நிலை வந்தால் எங்களுக்கு மகிழ்ச்சியே. இன்று அதைக் கேட்டால், அடுத்த அறையில் எடை 310 கிராமுக்கு வந்திருக்கும் ஒன்றுக்கு அவர்கள் என்ன ஏற்பாடு வைத்திருக்கிறார்கள் என்றுதான் எங்களால் கேட்க முடிகிறது.

அதற்குச் சென்ற மாதம் ஒரு விண்ணப்பம் வந்தது. ஓய்வுபெற்ற தம்பதியர், ஊர்வன வளர்த்த அனுபவமே இல்லாதவர்கள். அன்பு, பாசம் என்று ஒரு சொல்லும் கடிதத்தில் இல்லை. பெட்டியின் இரு முனை வெப்பத்தையும் காலை, நண்பகல், மாலை என்று பதினான்கு நாளுக்குக் கட்டமிட்டு எழுதியிருந்தார்கள். ஒன்பதாம் நாள் மாலைக் கட்டம் காலியாக இருந்தது. அருகில், அன்று மருத்துவமனைக்குப் போயிருந்தோம், பார்க்க முடியவில்லை என்று ஒரு குறிப்பு. முன்னங்கால் வளைந்தே இருக்கும் என்பதைத் தொலைபேசியில் சொன்னோம். அந்த அம்மாள் சற்று நேரம் யோசித்துவிட்டு, அப்படியானால் கல்லை எவ்வளவு உயரத்தில் வைக்க வேண்டும் என்று கேட்டார்.